அந்தச் சீட்டில் இருந்த ஒன்பது சொற்கள்: டாக்சின் முதல் டச்-அப் வரை

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். வயது 43. நெற்றியில் கோடுகள், கண்ணுக்குக் கீழே குழி, கன்னத்தில் மங்கு. இந்த மூன்றையும் காட்டலாம் என்று ஓர் அழகு சிகிச்சை மையத்துக்குப் போயிருக்கிறீர்கள். அரை மணி நேரம் பேசிவிட்டு ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டாக்சின் 30 யூனிட், டியர் ட்ரஃப் ஃபில்லர், த்ரெட் லிஃப்ட், லேசர் டோனிங், மெடிக்கல் கிரேடு பீல், பி.ஆர்.பி., கிளுட்டா டிரிப், ஹோம் கேர் கிட், டச்-அப் என்று ஒன்பது வரிகள். "இதற்கெல்லாம் தமிழில் என்ன அர்த்தம், இதில் எது ஆபரேஷன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அர்த்தம் கேட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று தோன்றுகிறது. என் முகத்துக்குள் என்ன போகிறது, போடப்போவது யார், பிடிக்காமல் போனால் பழையபடி ஆக்க முடியுமா? இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் தோல் மருத்துவர், இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. ஊசி, பீல், லேசர் மூன்றும் அன்றாடம் கையில் இருப்பவை. கத்தி என் துறை இல்லை. பயிற்சிக் காலத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் உடன் நின்றிருக்கிறேன், அறுவைக்குப் பிறகு தழும்பைக் காட்ட வருபவர்களைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அறுவை பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்தத் துறையில் எல்லாமே பெயர்ச்சொல்லாகத்தான் வரும். லிஃப்ட், டோனிங், க்ளோ, ரிஜுவனேஷன். ஒவ்வொன்றையும் வினைச்சொல்லாக மாற்றிக் கேட்பது என் பழக்கம். குத்துகிறார்களா, நிரப்புகிறார்களா, சுடுகிறார்களா, உரிக்கிறார்களா, வெட்டித் தைக்கிறார்களா, வெறுமனே பூசுகிறார்களா? வினைச்சொல் கிடைத்துவிட்டால் ஆபத்து எவ்வளவு என்பதும் பாதி தெரிந்துவிடும். வினைச்சொல்லே கிடைக்காத சொல்லில் பெரும்பாலும் சரக்கும் இருக்காது.

முதலில் ஆபரேஷன் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் சீட்டில் கத்தி வைக்கும் ஆபரேஷன் எதுவும் இல்லை. த்ரெட் லிஃப்ட் மட்டும் அதன் எல்லையில் நிற்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றதும் உடம்புக்குள் பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொல் 'உருக்கொடுப்பது' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1818-ல் ஜெர்மன் மருத்துவர் கிராஃபே மூக்கைத் திருத்தும் அறுவை பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது. நம் வாளி, குடம் எல்லாம் செய்யும் பிளாஸ்டிக் பிறந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. தீக்காயம், விபத்து, பிறவிக் குறை, புற்றுநோய்க் கட்டி எடுத்த இடம் ஆகியவற்றைச் சீராக்குவது மறுசீரமைப்பு அறுவை. குறை எதுவும் இல்லாத உறுப்பின் தோற்றத்தை மாற்றுவது அழகு அறுவை, அதாவது காஸ்மெட்டிக் சர்ஜரி. இரண்டும் பிளாஸ்டிக் சர்ஜரிதான். ஒரே ஆபரேஷன் ஆளுக்கு ஏற்ப இரண்டு பக்கமும் போகும். தொங்கும் மேல் இமை பார்வையை மறைத்தால் அதைச் சரிசெய்வது சிகிச்சை. களைத்த முகமாகத் தெரிகிறது என்பதற்காக அதே இமையை வெட்டினால் அழகு அறுவை.

ஆபரேஷன் பெயர்கள் பயமுறுத்தும். ஆனால் வாலைப் பிடித்தால் உடைத்துவிடலாம். 'பிளாஸ்டி' என்று முடிந்தால் உருவைத் திருத்துவது, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'பெக்ஸி' என்றால் தூக்கி நிறுத்தித் தைப்பது. ரைனோ என்றால் மூக்கு, பிளெஃபரோ என்றால் இமை, ஓட்டோ என்றால் காது, அப்டமினோ என்றால் வயிறு. அப்புறம் ரைனோபிளாஸ்டி, பிளெஃபரோபிளாஸ்டி எல்லாம் தானாகப் புரியும். செப்டோபிளாஸ்டி என்பது மூக்குக்குள் வளைந்திருக்கும் தடுப்பை மூச்சுக்காக நிமிர்த்துவது, அதில் வெளி அழகு மாறாது. வயிற்றுக்கான அப்டமினோபிளாஸ்டியையும் லைபோசக்‌ஷனையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். முன்னது தொங்கும் தோலை வெட்டித் தசையையும் இழுத்துத் தைப்பது. பின்னது தோலுக்கடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவது. லைபோசக்‌ஷன் எடை குறைக்கும் வழி கிடையாது, தளர்ந்த தோலையும் அது இறுக்காது.

சரி, சீட்டுக்கு வருவோம். 'டாக்சின்' என்று எழுதியிருப்பது ஊர் முழுக்க போடாக்ஸ் என்று சொல்லும் ஊசி. போடாக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர், மருந்தின் பெயர் பாட்யூலினம் டாக்சின். கெட்டுப்போன உணவில் உயிரைக் குடிக்கும் அதே பாக்டீரியாவின் நஞ்சுதான், மிக மிகச் சிறிய அளவில். நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று சொல்லி அனுப்பும் வேதிப்பொருளை அது வெளியே விடாமல் தடுக்கிறது. தசை ஓய்ந்துவிடுகிறது, மேலே தோல் மடிவது நிற்கிறது. 1989-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கொடுத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும். கனடாவில் ஒரு கண் மருத்துவர் இமைத் துடிப்புக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது புருவ நடுவில் இருந்த கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவருடன் சேர்ந்து 1992-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். புருவ மத்திக் கோட்டுக்கு அங்கே அனுமதி வந்தது 2002-ல்.

என் மேசையில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். கோடு என்று வருபவரிடம் அதைக் கொடுத்து, "கோபமாகப் பாருங்கள், புருவத்தைத் தூக்குங்கள், இப்போது சும்மா இருங்கள்" என்பேன். முகத்தை அசைக்கும்போது மட்டும் வந்து, சும்மா இருக்கும்போது மறைகிற கோடு அசைவுக் கோடு. டாக்சின் நன்றாக வேலை செய்வது அதில்தான். சும்மா இருக்கும்போதும் மடித்த காகிதம்போல் பதிந்து நிற்பது நிலைக்கோடு. அதற்கு டாக்சின் மட்டும் போட்டால் ஓரளவு மெலியும், முழுக்கப் போகாது. இந்தக் கண்ணாடிச் சோதனையை இன்றைக்கே உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் செய்து பார்க்கலாம். முப்பது யூனிட் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

'30 யூனிட்' என்ற எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் ஒன்றல்ல. புருவ மத்திக்குப் போடாக்ஸில் 20 யூனிட் என்றால் அதே இடத்துக்கு டிஸ்போர்ட் என்ற மருந்தில் 50 யூனிட். ஆக, எந்த மருந்து என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மருந்தின் பெயரையும் குப்பியையும் காட்டச் சொல்லுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊசி போட்ட மூன்று நான்கு நாளில் வேலை தெரியும், இரண்டு வாரத்தில் முழுமையடையும், மூன்று நான்கு மாதத்தில் கரைந்து பழையபடி ஆகும். மருந்து தள்ளிப் பரவி இமை சற்றுத் தொங்கிப்போவது உண்டு. சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும், ஆனால் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். மாற்று மருந்து போட்டு அந்த ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. கர்ப்பமாக இருப்பவர்களும், பால் கொடுப்பவர்களும், தசை நரம்பு நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டிய ஊசி இது.

இப்போது ஃபில்லர். பதிலில் நான் அதிகம் நிற்கப்போகிற இடம் இதுதான், ஏனென்றால் சீட்டில் உள்ள ஒன்பதில் நிஜமாகவே பயப்பட வேண்டியது இது ஒன்று. டாக்சின் தசையை ஓய்த்துவிடும், ஃபில்லர் குழியை நிரப்பும். இரண்டும் ஊசி என்பதால் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள், மற்றபடி ஒற்றுமை எதுவும் இல்லை. பெரும்பாலான ஃபில்லர்கள் ஹயலுரோனிக் ஆசிட் என்ற ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே இருக்கும் பொருள்தான். அப்படியே போட்டால் சில நாளில் உடம்பு கரைத்துவிடும் என்பதால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாக்குகிறார்கள். 'டியர் ட்ரஃப்' என்றால் கண்ணீர் வழியும் பள்ளம், அதாவது கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்துக்கு இறங்கும் குழி. முகத்திலேயே தோல் மிக மெல்லிய இடம் அது. ஜெல் மேலாக நின்றுவிட்டால் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். நீரை இழுத்துக் காலையில் வீங்கியும் நிற்கும். ஒரு வருடத்தில் கரைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கண்ணுக்குக் கீழே போட்ட ஜெல் வருடக்கணக்கில் அங்கேயே கிடப்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

நான் பயப்படச் சொன்னது இதற்காக இல்லை. ஜெல் தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்தக் குழாய் ஊட்டும் தோல் செத்துப்போகும். புருவ மத்தி, மூக்கு, கண்ணோரம் ஆகிய இடங்களில் உள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கிப் போய் விழித்திரைக்கு ரத்தம் தரும் குழாயை அடைத்தால் பார்வை போய்விடலாம், பெரும்பாலும் நிரந்தரமாக. அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்திருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒருமுறை, மூக்கோரம் ஊசி இறங்கிய சில நொடிகளில் மேலுதடு வரைக்கும் தோல் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்ததைப் பார்த்தேன். மூத்த மருத்துவர் பேசிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினார். விரலால் அந்த இடத்தை அழுத்தி எடுத்தார், நிறம் திரும்பவில்லை. சற்று நேரத்தில் வலைபோல ஊதா நிறத் திட்டு படர ஆரம்பித்தது. அலமாரியில் ஹயலுரோனிடேஸ் இருந்தது. அந்த ஜெல்லைக் கரைக்கும் நொதி அது. மணிக்கொரு தடவை அதைப் போட்டுக்கொண்டே இருந்தோம். மாலைக்குள் நிறம் திரும்பியது, சிறு தழும்புகூட நிற்கவில்லை. அலமாரியில் அந்தக் குப்பி இல்லாத இடமாக இருந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அதனால் ஃபில்லர் போடும் இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். இது ஹயலுரோனிக் ஆசிட் ஜெல்லா? கரைக்கும் மருந்து இப்போது, இந்த அறையில் இருக்கிறதா? கால்சியம் கலந்தவை, பாலிலாக்டிக் ஆசிட், பி.எம்.எம்.ஏ. மணிகள் என்று வேறு வகை ஃபில்லர்களும் உண்டு. அவற்றை இந்த நொதி கரைக்காது. 'பெர்மனன்ட் ஃபில்லர்' என்று பெருமையாகச் சொன்னால், தவறும் பெர்மனன்ட் என்று படித்துக்கொள்ளுங்கள். திரவ சிலிகானை உடம்பைப் பெருக்க ஊசியாகப் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி போட்ட பிறகு தோல் வெளுத்தாலோ, தாங்க முடியாத வலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ நாளை பார்க்கலாம் என்று தூங்கப் போகக் கூடாது. அந்த நிமிடமே திரும்பப் போக வேண்டும்.

கடையில் 'ஹயலுரோனிக் ஆசிட் சீரம்' என்று விற்பதும் இதுதானா என்று அடுத்த கேள்வி வரும். பெயர் ஒன்று, வேலை வேறு. பூசினால் அது தோலின் மேல் அடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், குழியை நிரப்பாது. 'ஆசிட்' என்ற சொல்லுக்காகவும் பயப்பட வேண்டாம், அது எதையும் உரிக்காது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் பெயரில் வரும் கிரீமும் இதே கதை. கொலாஜன் மூலக்கூறு தோலின் வாசலுக்கு மிகப் பெரியது, மேலேயே உட்கார்ந்து ஈரப்பதம் தரும், தோலுக்குள் போய்க் கொலாஜனாகச் சேராது.

த்ரெட் லிஃப்ட் என்றால் நூலால் இழுப்பது. முள் வைத்த நூலை ஊசி வழியாகத் தோலுக்கடியில் விட்டு, கன்னத்தை மேலே இழுத்து நிறுத்துகிறார்கள். நூல் பெரும்பாலும் பி.டி.ஓ., அறுவையில் தையலுக்குப் பயன்படும் அதே கரையும் நூல். ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடும். கரைந்த பிறகும் கொலாஜன் உண்டாகித் தூக்கிப் பிடிக்கும் என்பது விளம்பரம். ஓரளவு உண்டாவது உண்மை, ஆனால் தூக்கல் ஒரு வருடம் தாண்டி நிற்கும் என்பதற்கான சான்று பலவீனமாகத்தான் இருக்கிறது. தோலில் குழி விழுவது, நூல் முனை வெளியே வருவது, இரண்டு கன்னமும் ஒத்துப்போகாமல் நிற்பது ஆகியவற்றை நான் பார்த்திருக்கிறேன். உண்மையான ஃபேஸ் லிஃப்ட், மருத்துவப் பெயர் ரிட்டிடெக்டமி, காதோரம் வெட்டித் தோலுக்கடியில் உள்ள தசைப்படலத்தையே இழுத்துத் தைப்பது. அது பல ஆண்டு நிற்கும், அதற்கேற்ற ஆபத்தும் ஓய்வும் உண்டு. 'லிஃப்ட்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஒட்டியிருப்பதால் வருகிற குழப்பம் இது. நீங்கள் சொன்ன மூன்று குறையில் எதற்கு நூல் என்று எனக்குப் புரியவில்லை. அதை அவர்களிடமே கேளுங்கள்.

லேசர் என்பது ஒரே அலைநீளமுள்ள ஒளி. எந்த அலைநீளமோ அதற்கேற்ற பொருள்தான் அதை உறிஞ்சும். கார்பன் டை ஆக்சைடு லேசரைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சுகிறது, அதனால் தோலைச் சீவி எடுக்க அது உதவும். மெலனின் என்ற நிறப்பொருளைக் குறிவைக்கும் லேசர், முடியை நீக்கவும் கறுமையைக் குறைக்கவும். நரைமுடிக்கு லேசர் வேலை செய்யாததும் அதனால்தான், அங்கே பிடிக்க நிறம் இல்லை. முடி விஷயத்தில் 'நிரந்தர நீக்கம்' என்று பலகை வைத்தாலும் சரியான சொல் 'நிரந்தரக் குறைப்பு'. ஐ.பி.எல். என்பது லேசரே இல்லை, பல அலைநீளம் கலந்த பளிச்சொளி. நிறமான தோலில் தவறாகப் பயன்படுத்தினால் கட்டம் கட்டமாகச் சுட்டுவிடும். 'ஃப்ராக்‌ஷனல்' என்று முன்னால் ஒட்டியிருந்தால், தோல் முழுவதையும் தொடாமல் சல்லடைபோல் புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுவில் நல்ல தோலை ஆறுவதற்கு விட்டுவைக்கிறார்கள் என்று பொருள்.

உங்கள் சீட்டில் உள்ள 'லேசர் டோனிங்' மங்குக்கானது. மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் க்யூ-ஸ்விட்ச்டு லேசரைக் குறைந்த சக்தியில் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். இங்கே தெளிவாகச் சொல்கிறேன்: மங்கை லேசரால் நிரந்தரமாக ஒழிக்க முடியாது. நிறுத்தினால் திரும்ப வருவது சகஜம், அதிக தடவை அடித்ததில் அரிசி தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி விழுந்தவர்களும் உண்டு. மங்கில் முதல் மருந்து சன்ஸ்கிரீன். அப்புறம் மருத்துவர் எழுதித் தரும், கறுமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீம், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். லேசர் வரிசையில் கடைசியாக நிற்க வேண்டியது. அதை முதலில் எழுதியிருந்தால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. லேசர் போடுபவர் உங்கள் 'ஸ்கின் டைப்' என்ன என்று கணித்தாரா என்பதையும் கேளுங்கள். எண்ணெய்ப் பசை, வறட்சி என்ற பிரிவைச் சொல்லவில்லை. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் தொடங்கிவைத்து, பின்னர் ஆறு வகையாக விரிந்த கணக்கைச் சொல்கிறேன். வெயில் பட்டால் சிவந்து எரியுமா, கறுக்குமா என்பதுதான் அதன் அளவுகோல். நாலு, ஐந்து, ஆறு வகைத் தோல்கள் காயத்துக்குப் பிறகு எளிதில் கறுத்துவிடும். அளவு தவறினால் மங்கு போக வந்தவர் கூடுதல் கறுப்போடு திரும்புவார்.

பீல் என்றால் உரிப்பது. அமிலம் தடவி மேல்தோலை உதிரவைக்கிறார்கள். அவ்வளவுதான், மர்மம் எதுவும் இல்லை. கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக் எல்லாம் ஏ.எச்.ஏ. (ஆல்ஃபா ஹைட்ராக்சி ஆசிட்) கூட்டம், நீரில் கரைபவை. சாலிசிலிக் ஆசிட் பி.எச்.ஏ. (பீட்டா ஹைட்ராக்சி ஆசிட்), எண்ணெயில் கரைவதால் பரு அடைத்த துவாரத்துக்குள் இறங்கும். ட்ரைகுளோரோ அசெட்டிக் ஆசிட் இன்னும் ஆழம். ஃபீனால் பீல் இதயத் துடிப்பையே கண்காணித்துக்கொண்டு போட வேண்டிய அளவுக்கு ஆழமானது. உரிப்பதன் ஆழம்தான் இங்கே எல்லாமே. 'மெடிக்கல் கிரேடு' என்ற அடைமொழி ஆழத்தைச் சொல்லவில்லை, வேறு எதையும் சொல்லவில்லை. அது விற்பனைச் சொல், அதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. எந்த அமிலம், எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் என்று மூன்றும் கேளுங்கள். பதில் வந்தால் நல்ல இடம்.

பி.ஆர்.பி. உங்கள் ரத்தத்தையே எடுத்து, சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துத் திரும்ப ஊசியாகப் போடுவது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் குறைவு. முடி உதிர்வில் ஓரளவு நம்பக்கூடிய சான்று இருக்கிறது. முகப் பொலிவுக்கு என்றால் சான்று கலவையானது. ஒவ்வோர் இடத்திலும் தயாரிக்கும் முறை வேறுபடுவதால் ஒருவருக்குக் கிடைத்த பலனை வைத்து அடுத்தவருக்குச் சொல்ல முடியவில்லை. சுத்தமாகப் போட்டால் பெரும்பாலும் பெரிய தீங்கு இல்லை. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு போடலாம்.

கிளுட்டா டிரிப் வரியை என்னிடம் கேட்டால் பேனாவை எடுத்து அடித்துவிடுவேன். கிளுட்டாதயோன் உடம்பே செய்துகொள்ளும் ஒரு வேதிப்பொருள். அதை ரத்த நாளத்தில் ஏற்றினால் நிறம் வெளுக்கும் என்று விற்கிறார்கள். தோல் வெளுப்பதற்கு எந்த ஊசியையும் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அங்கீகரிக்கவில்லை. பிலிப்பைன்ஸ் அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2011-லேயே இதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. மங்குக்கு இது மருந்து என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. ரத்த நாளத்தில் ஏற்றும் எதற்கும் அலர்ஜி அதிர்ச்சி என்ற அபாயம் உண்டு. இல்லாத பலனுக்கு அதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

'ஹோம் கேர் கிட்' என்பது வீட்டில் பூச ஒரு பை. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்த வரியில்தான் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும். சில மாதங்களுக்கு முன் ஒருவர் கைப்பையிலிருந்து சின்ன வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். லேபிள் கிடையாது, மூடியில் பேனாவால் 'இரவு' என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் மாதம் முகம் பளபளத்ததாம். என்னிடம் வந்தபோது கன்னத்தில் சிலந்தி வலைபோல ரத்தக்குழாய் தெரிந்தது, தாடையில் முடி, இரண்டு நாள் பூசாவிட்டால் எரிச்சல். ஸ்டீராய்டு கலந்த கிரீமின் கைவரிசை இப்படித்தான் இருக்கும். அதை விடவைப்பதற்கு மாதக்கணக்கானது. உங்கள் பையில் உள்ள ஒவ்வொன்றின் உட்பொருள் பட்டியலையும் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் நாள் குறித்துத் தராமல் முகத்தில் தொடக்கூடாது. பட்டியலே இல்லாத டப்பா என்றால் குப்பையில் போடுங்கள்.

பையில் இருக்கக்கூடிய நல்ல பொருள்கள் இரண்டு. ஒன்று ரெட்டினாய்டு, வைட்டமின் ஏ குடும்பம். இதில் ட்ரெட்டினாயின் மருந்து, 1971-லிருந்து பருவுக்குப் பயன்பாட்டில் இருப்பது. சுருக்கத்தில் சான்று கனமாக உள்ள மிகச் சில பூச்சுகளில் அது ஒன்று. ரெட்டினால் அதன் மென்மையான உறவு. தோல் அதை இரண்டு படி மாற்றித்தான் ட்ரெட்டினாயின் ஆக்கிக்கொள்கிறது, அதனால் வேகமும் குறைவு, எரிச்சலும் குறைவு. இரண்டையும் இரவில் பூச வேண்டும், கர்ப்பத்தில் கூடாது. மற்றது சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். எண், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் தோலை எரிக்கும் யு.வி.பி. கதிருக்கான அளவு. 15 என்றால் அந்தக் கதிரில் ஏறக்குறைய 93 சதவீதத்தையும், 30 என்றால் 97-ஐயும், 50 என்றால் 98-ஐயும் தடுக்கும். அதாவது ஐம்பது முப்பதைவிட இரண்டு மடங்கு கிடையாது. ஆனால் ஆய்வகத்தில் பூசும் தடிமனில் நாம் யாரும் பூசுவதில்லை, அதனால் வீட்டில் கிடைப்பது பெட்டியில் உள்ளதைவிடக் குறைவு. இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யு.வி.ஏ.வுக்கு 'பி.ஏ.' என்ற எழுத்தும் அதன் பின்னால் கூட்டல் குறிகளும் பாருங்கள். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கறுக்கவைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்து லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் கூடுதல் உதவி.

பெட்டியின் மேல் இருக்கும் மற்ற சொற்களை வேகமாகக் கடந்துவிடுவோம். 'நான்-காமிடோஜெனிக்' என்றால் துவாரத்தை அடைக்காது என்று தயாரிப்பாளரே சொல்வது. அந்தச் சோதனை ஒரு காலத்தில் முயல் காதில் நடந்தது, இன்றும் எல்லோருக்கும் பொதுவான தரம் கிடையாது. 'ஹைப்போ அலர்ஜெனிக்' என்றால் அலர்ஜி வராது என்ற உத்தரவாதம் இல்லை. 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்' என்றால் சோதித்தார்கள், முடிவு என்ன என்பதைச் சொல்லவில்லை. 'காஸ்மெசூட்டிக்கல்' என்ற வகையை அமெரிக்கச் சட்டம் ஏற்கவில்லை. அந்தச் சட்டப்படி பூச்சு ஒன்று அழகுப் பொருளாக இருக்கும், மருந்தாக இருக்கும், அல்லது இரண்டுமாக இருக்கும். எஃப்.டி.ஏ. பற்றி வரும்போது 'கிளியர்டு', 'அப்ரூவ்டு' என்ற இரண்டும் வேறு என்பதையும் கவனியுங்கள். ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவியைப் போன்றதுதான் என்று காட்டினால் கிடைப்பது முன்னது, தனியாகப் பாதுகாப்பையும் பலனையும் நிரூபித்துக் கிடைப்பது பின்னது. லேசர் இயந்திரங்கள் பெரும்பாலும் முன்னதுதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை, சொல்லை மாற்றிச் சொல்லும்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

ஊசியைப் பிடிப்பது யார் என்ற கேள்வியிலும் சொல் விளையாட்டு உண்டு. டெர்மட்டாலஜிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்துத் தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். பிளாஸ்டிக் சர்ஜன் அறுவையில் மேற்படிப்பு முடித்து அதன் மேல் இன்னொரு சிறப்புப் படிப்பு படித்தவர். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற சொல் அழகுக்கலைப் பயிற்சி பெற்றவருக்கும் பொருந்தும், ஆகவே அந்தப் பட்டத்தை வைத்து அவர் மருத்துவரா என்று முடிவு செய்ய முடியாது. வெள்ளைக் கோட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். பதிவு எண் கேளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சன்ஸ்கிரீனும் மங்கு கிரீமும் மூன்று மாதம் பார்ப்பேன். கண்ணாடிச் சோதனையில் தேறினால் நெற்றிக்கு மட்டும் டாக்சின் யோசிப்பேன். கண்ணுக்குக் கீழே உள்ளது குழியா, வெறும் கருவளையமா, முன்தள்ளும் கொழுப்பா என்று ஒருவர் விரல் வைத்துப் பார்த்துச் சொல்லாமல் ஃபில்லர் பேச்சையே எடுக்க மாட்டேன். இது கருத்துதான், இன்னொரு தோல் மருத்துவர் வேறு வரிசை சொல்லலாம்.

மிச்சம் இருப்பது கடைசி வரி. 'டச்-அப்' என்றால் விட்டுப்போனதைச் சரிசெய்வது. டாக்சினில் அது இரண்டு வாரம் கழித்து, ஒரு புருவம் மட்டும் ஏறி நின்றால் ஓரிரு யூனிட் கூடுதலாகப் போடுவது. அதற்கு முன்னால் போடக்கூடாது, மருந்து இன்னும் முழுதாக வேலை செய்து முடித்திருக்காது. அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்பு உண்டாக்கிக்கொண்டு மருந்து கேட்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. அந்த வரிக்குப் பக்கத்தில் ஏதாவது கால அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் என்றிருந்தால் டாக்சினுக்கானது, அதற்குத் தனியாகப் பணம் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப வரச் சொல்லியிருந்தால் அது டச்-அப் இல்லை, லேசர் டோனிங்கையே வேறு பெயரில் இரண்டாவது தடவை எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.